கொளஞ்சியம்மாள் பார்த்த மஞ்சள் கார்

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலையில் பழைய வண்டி விற்கிற யார்டுகள் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பக்கம் கொளஞ்சியம்மாள் ஸ்கூட்டியில் வருவது தெரிந்தால் போதும், முதல் தகவல் டீக்கடைக்குத்தான் போகும். "அந்தப் பொம்பளைக்கு டீ போடாத, குடிக்காது. கிளாஸ்தான் வீணாப் போவும்."

டீயில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். அந்தச் சாலையில் டீயில்தான் எல்லாமே இருக்கிறது. வாங்குகிறவர் தனக்கு வண்டி தெரியாது என்று, தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவார். வந்தவருக்கு யார்டுக்காரர் டீ வாங்கிக் கொடுப்பார். அவர் அதை ஓரமாக எடுத்துப்போய்க் குடித்தால், கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சட்டைப் பையில் ஏதோ ஏறியிருக்கும். அதற்குமேல் அவருக்குப் புகை தெரியாது, துரு தெரியாது, எண்ணெய்க் கசிவு தெரியாது. "ஆளு டீ குடிச்சாச்சு" என்று புரோக்கர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷமாக அந்தச் சாலையில் டீ குடிக்காமல் வண்டி பார்த்த ஒரே ஆள் கொளஞ்சியம்மாள். தாகம் எடுத்தால் வீட்டிலிருந்து கொண்டுவந்த மோரைக் குடிப்பாள்.

அவள் பிறந்தது ஆலத்தியூருக்குப் பக்கத்தில். பிள்ளை தங்கவில்லை என்று அவள் அம்மா கொளஞ்சியப்பர் கோயிலில் வேண்டிக்கொண்டு பெற்றதால் அந்தப் பெயர். தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை செய்தவர். மகள் ஐ.டி.ஐ.யில் சேரப் போகிறேன் என்றபோது தையல் படிக்கப் போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். மோட்டார் மெக்கானிக் என்று தெரிந்தபோது கட்டணம் கட்டியாகிவிட்டது. வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முதல் மாதம் வருகைப் பதிவேடு எழுதுவதற்கும் சாவிக்கொத்தைப் பத்திரமாக வைப்பதற்கும் அவளை உட்கார வைத்தார்கள். இரண்டாவது மாதம் அவள் பதிவேட்டை மேசையில் போட்டுவிட்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். வெளியே வரச் சொல்லி வாத்தியார் கத்தினார். "நட்டு டைட்டா இருக்குது சார், கழட்டிட்டு வரேன்" என்று பதில் மட்டும் வெளியே வந்தது.

படிப்பு முடிந்து ஒரு குவாரியில் ஒன்பது வருஷம் கேட்டில் வேலை பார்த்தாள். காலையில் டிப்பர் லாரிகள் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் பிரேக், ஸ்டீயரிங், ஹாரன், விளக்கு எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டுக்குப் பக்கத்து அறையில் கல்லைச் சோதிப்பார்கள். கல்லின் மேல் ஒரு சொட்டு அமிலம் விடுவார்கள். சுண்ணாம்புக்கல் என்றால் நுரைத்துப் பொங்கும், களிமண் என்றால் சும்மா நனையும். சாப்பாட்டு நேரத்தில் அதை வேடிக்கை பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும்.

ஒருநாள் பிரேக்கில் காற்று கசிகிற டிப்பர் ஒன்று வந்தது. அன்றைக்கு லோடு அவசரம். கையெழுத்துப் போடு என்று மேற்பார்வையாளர் சொன்னார். அவள் போடவில்லை.

"அப்படின்னா நாளையிலேருந்து வர வேணாம்" என்றார் அவர்.

"நாளைக்கு என்னத்துக்கு சார், இப்பயே போறேன்" என்று ஹெல்மெட்டைக் கழற்றி அந்த டிப்பரின் கண்ணாடியில் மாட்டிவிட்டு நடந்தாள். பஸ்ஸுக்குக்கூட அன்றைக்கு அவளிடம் சில்லறை இல்லை. செந்துறை மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஜெயப்பிரகாஷ்தான் டிக்கெட் கேட்காமல் ஏற்றிக்கொண்டார். அவர் அவள் கணவர் என்பதால் அதைப் பெரிய உதவியாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்குப் பிறகுதான் இந்தத் தொழில். யாராவது பழைய டிராக்டரோ வேனோ டிப்பரோ வாங்கப்போனால் அவள் உடன் போய்ப் பார்த்துச் சொல்வாள். கூலி வாங்குகிறவரிடம் மட்டும். அதுவும் வண்டியைத் தொடுவதற்கு முன்பே. பார்த்த பிறகு வாங்கினால், நல்ல வார்த்தைக்குத் தனி விலை, கெட்ட வார்த்தைக்குத் தனி விலை என்று ஆகிவிடும் என்பாள். அந்த யார்டுகளில் அவளை யாருக்கும் பிடிக்காது. ஆனால் "கொளஞ்சி பாத்துச் சொல்லட்டும், வாங்கிக்கிறேன்" என்று வாங்குகிறவர்கள் கேட்பதால் கேட்டைத் திறந்துதான் ஆகவேண்டும். அவள் சம்பாத்தியம் முழுக்க அந்தச் சாலையின் கேட்டுகளுக்குப் பின்னால்தான் இருந்தது. மகள் ஆர்த்தியின் நர்சிங் படிப்பும் அங்கிருந்துதான் வந்தது.

போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கலைச்செல்வனிடமிருந்து போன் வந்தது. செட்டிகுளத்தில் சின்ன வெங்காய மண்டி வைத்திருப்பவன். முப்பத்து நான்கு வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் வாங்க இருந்த ஒரு மினி லாரியை அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பழக்கம்.

"அக்கா, ராசாங்கம் யார்டுல ஒரு வண்டி. நீங்க வந்து பாக்கணும்."

"என்னா வண்டி தம்பி?"

"வந்து பாருங்கக்கா. அசந்துருவீங்க."

அசந்துதான் போனாள். நாற்பது டிப்பர்களும் ஜே.சி.பி.களும் நிற்கிற யார்டின் நடுவில், முழங்கால் உயரத்துக்கு ஒரு மஞ்சள் கார். இரண்டே இரண்டு சீட். கதவைத் திறந்தால் பக்கவாட்டில் போகாமல் மேலே போனது. இன்ஜின் முன்னால் இல்லை. உட்காருகிறவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இத்தாலிக்காரன் செய்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டிருக்கிற வேகத்தடையில் இது ஏறுமா, அல்லது நான்கு பேர் தூக்கி வைக்க வேண்டுமா என்று அவளுக்கு முதலில் அந்த யோசனைதான் வந்தது.

சுற்றி முப்பது பேர் நின்றார்கள். ஓரத்தில் ஒரு தாம்பாளத்தில் மாலை, கற்பூரம், திருஷ்டிப் பூசணி, சக்கரத்துக்கு வைக்க நான்கு எலுமிச்சம்பழம். பார்க்கவே ஆரம்பிக்கவில்லை, பூசைக்குப் பழம் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் கொளஞ்சியம்மாளுக்கு எரிச்சல் வந்தது.

"இவ்வளவும் முடிவு பண்ணிட்டு என்னைய எதுக்குத் தம்பி கூப்புட்ட?"

"நல்ல நாளுக்கா. நீங்க பாத்ததும் கையோட பூசைய போட்டுறலாம்னு" என்று கலைச்செல்வன் சிரித்தான். புதுச் சட்டை போட்டிருந்தான்.

யார்டின் முதலாளி ராசாங்கம் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். எழுந்து வருகிற ஆளில்லை அவர். அன்றைக்கு வந்தார். பின்னாலேயே புரோக்கர் பிச்சைமுத்து. சென்னையில் ஒரு டாக்டர் ஆசைக்கு வாங்கி, ஓட்ட நேரமில்லாமல் நிறுத்தியிருந்த வண்டி என்று பிச்சைமுத்து ஆரம்பித்தான். ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஆறு மாதமாக இங்கேதான் நிற்கிறது, கோயில் தேர் மாதிரி வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றான்.

கொளஞ்சியம்மாள் கூலியை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, புறங்கையை இன்ஜின் மூடியில் வைத்தாள். சூடாக இருந்தது.

"ஆறு மாசமா நிக்கிற வண்டி. இப்ப யாரு ஓட்டுனது?"

"சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாத்தோம்மா."

"ஆறட்டும். சூடா இருக்குற இன்ஜின் எல்லாம் நல்ல இன்ஜினாத்தான் சத்தம் போடும்."

ஒரு மணி நேரம் ஆகும் என்றாள். கூட்டம் முனகியது. நல்ல நேரம் முடிந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். நல்ல நேரத்தில் வாங்கிய எத்தனையோ வண்டியை நான் வொர்க் ஷாப்பில் பார்த்திருக்கிறேன் என்று அவள் பதிலுக்குச் சொன்னாள்.

அடியில் பார்க்க வேண்டும் என்றால் ஆள் இறங்கிப் பார்க்கிற குழியின் மேல் ஏற்ற வேண்டும். ராசாங்கத்தின் குழி டிப்பருக்கு வெட்டியது. அதன் மேல் இந்தக் காரை நிறுத்தினால் காரே உள்ளே விழுந்துவிடும். பலகை போட்டு, கல் வைத்து, நான்கு டிரைவர்கள் ஆளுக்கொரு திசையில் கத்தி, ஸ்டார்ட் பண்ணாமலே அதைத் தள்ளி ஏற்றினார்கள். கொளஞ்சியம்மாள் சேலைக்கு மேல் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினாள். அடியில் எல்லாம் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஆனால் சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் முனை அடியில் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் துரு இருந்தது. துடைக்கிறவன் கை அதுவரை போகவில்லை.

மேலே வந்து கதவைத் திறந்து கால் வைக்கும் இடத்தைப் பார்த்தாள். கார்பெட் புத்தம் புதிது.

"ஒம்பதாயிரம் கிலோமீட்டர்ல கார்பெட் எதுக்கு மாத்துனீங்க?"

"பழசு கலர் புடிக்கலைன்னு டாக்டர் மாத்தியிருப்பாரு" என்றான் பிச்சைமுத்து. டாக்டர் பெயர் அவனுக்கே தெரியாது என்பது அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அவள் தன் போனில் இணைக்கிற சின்னக் கருவியைக் காரில் செருகினாள். வண்டி பதிந்து வைத்திருந்த பழைய கோளாறுக் குறிப்புகள் எல்லாம் நான்கு நாளைக்கு முன்னால் அழிக்கப்பட்டிருந்தன. அழித்ததே ஒரு பதில்தான், ஆனால் அதை வைத்து யாரையும் மடக்க முடியாது. சர்வீஸில் அழித்திருப்பார்கள் என்று சொல்லிவிடுவார்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். அது உறுமியதும் கூட்டம் கைதட்டியது. கலைச்செல்வனின் முகம் மலர்ந்தது. இன்ஜின் சத்தத்தில் அவளுக்கும் குறை தெரியவில்லை. அதையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள், ஏனென்றால் அது உண்மை.

கடைசியாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். எல்லோரும் மாட்டுகிற அளவுக்குத்தான் இழுப்பார்கள். அவள் இனி வராது என்கிற வரைக்கும் இழுத்தாள். கடைசி ஒரு முழம் வேறு நிறத்தில் வந்தது. நடுவில் குறுக்காக ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு பக்கம் பழுப்பு. விரலால் தேய்த்தாள். சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டியது.

"ராசாங்கண்ணே, இது என்னா?"

ராசாங்கம் கொஞ்சமும் அசரவில்லை. "என்னாம்மா கேள்வி இது? அரியலூர்ல ஆறு மாசம் நின்ன வண்டி. சுண்ணாம்புக்கல் தூசி. உன் தலையில இல்லையா, என் தலையில இல்லையா?"

கூட்டம் ஆமாம் போட்டது. அந்த ஊரில் எதன் மேல் எது படிந்தாலும் சுண்ணாம்புத் தூசிதான். இருமல் வந்தால் அதுதான் காரணம், முடி கொட்டினால் அதுதான், துணி வெளுக்காவிட்டாலும் அதுதான். பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகியதால் யாரும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை. ஒரு நொடி கொளஞ்சியம்மாளுக்கே அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது.

"சரிண்ணே. பாத்துருவோம்."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். பக்கத்தில் நின்ற டிப்பரின் மட்கார்டிலிருந்து தூசியைத் தட்டித் தாளின் ஒரு ஓரத்தில் போட்டாள். சீட் பெல்ட்டின் பொடியைச் சுரண்டி இன்னொரு ஓரத்தில் போட்டாள். இரண்டும் பார்க்க ஒன்றாகத்தான் இருந்தன. பிறகு தாம்பாளத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள்.

"ஏய், ஏய்! பூசைப் பழம்மா அது!" என்று பிச்சைமுத்து அலறினான்.

"பூசை இன்னும் ஆரம்பிக்கல. இப்பைக்கு இது ஊறுகாய்ப் பழந்தான்."

பேனாக் கத்தியால் இரண்டாக வெட்டி, முதலில் டிப்பர்த் தூசியின் மேல் பிழிந்தாள். சின்னச் சின்னக் குமிழியாக நுரைத்துப் பொங்கியது. காதைப் பக்கத்தில் வைத்தால் சத்தம்கூடக் கேட்கும். பிறகு மற்றதன் மேல் பிழிந்தாள். ஒன்றுமில்லை. நனைந்து, குழைந்து, சேறாகத் தாளில் பரவியது.

குவாரியில் வேலை பார்த்த இரண்டு டிரைவர்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பொங்குச்சு பாருங்க, அது நம்ம ஊருத் தூசி" என்றாள் கொளஞ்சியம்மாள். "இது தண்ணி கொண்டாந்த சேறு. இந்த வண்டி சீட்டு மட்டத்துக்கு வெள்ளத்துல நின்னுருக்கு. வயரெல்லாம் அந்த மட்டத்துக்குக் கீழதான் போவுது."

ராசாங்கம் பதில் சொல்வார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் கலைச்செல்வனைப் பார்த்தார். கலைச்செல்வன்தான் அவள் கையைப் பிடிக்காத குறையாக ஒரு ஜே.சி.பி.யின் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"அக்கா, எனக்குத் தெரியும்க்கா."

"என்னா தெரியும்?"

"தண்ணியில நின்ன வண்டின்னு. ராசாங்கண்ணன் சொல்லிட்டாரு. அதுனாலதான் இந்த வெலைக்கு வருது. இல்லன்னா நானெல்லாம் இத தொட்டுப் பாக்க முடியுமா?"

"அப்ப என்னைய எதுக்குடா கூப்புட்ட?"

அவன் சொன்னான். மண்டிக்குப் பின்னால் இருக்கிற நிலம் அவன் அம்மா அமிர்தவல்லியின் பெயரில் இருந்தது. அதை விற்றால்தான் கார். அமிர்தவல்லிக்குக் கார் என்றால் என்ன, கதவு மேலே போனால் என்ன என்று எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மினி லாரி விஷயத்தில் கொளஞ்சி சொன்னது சரியாக இருந்தது. 'கொளஞ்சி பாத்து நல்ல வண்டின்னு என்கிட்ட சொல்லட்டும், கையெழுத்துப் போடுறேன்' என்று சொல்லிவிட்டாள். வண்டியைப் பார்ப்பதற்காக அவன் கொளஞ்சியம்மாளைக் கூப்பிடவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகக் கூப்பிட்டிருந்தான்.

"எங்க மாமனார் வூட்டுல என்னைய இன்னைக்கும் வெங்காய மூட்டைன்னுதான் கூப்புடுறாங்கக்கா. கல்யாணம் ஆயி ஏழு வருசம். அந்தத் தெருவுல ஒரு தடவ இந்த வண்டிய எறக்கணும். அவ்வளவுதான். நாந்தானே வாங்குறேன்? எனக்குப் பரவாயில்லங்குறேன். உங்களுக்கு என்னா?"

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவன் காசு, அவன் ஆசை. மூட்டை என்று கூப்பிட்டால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். தனக்கும் இப்படி எத்தனையோ பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு நினைவு வந்தது. அவன் மேல் இரக்கமாகவும் இருந்தது, அறைந்துவிடலாம் போல ஆத்திரமாகவும் இருந்தது.

"உனக்குப் பரவாயில்லன்னா நீயே போயி உங்கம்மாகிட்ட சொல்லு. தண்ணியில நின்ன வண்டி, ஆனா எனக்கு வேணும்னு சொல்லு. கையெழுத்துப் போட்டா வாங்கிக்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"அது போடாதுக்கா."

"அப்ப?"

"நான்தானே உங்களுக்குக் காசு குடுத்துக் கூட்டியாந்தவன்?"

"பாக்குறதுக்குக் குடுத்த தம்பி. பாத்துட்டேன். என்னா சொல்றதுங்கறத நீ வாங்கல, அது விக்கிறதுக்கும் இல்ல."

அப்போது சரியாக அவன் போன் அடித்தது. அமிர்தவல்லி. நல்ல நேரம் முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று அவளும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கலைச்செல்வன் எடுப்பதா வேண்டாமா என்று தயங்குவதற்குள் ராசாங்கம் பின்னாலேயே வந்து நின்றார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"ஒத்த வார்த்த, கொளஞ்சி. விக்கிற எனக்கும் சம்மதம், வாங்குற தம்பிக்கும் சம்மதம். நல்ல வண்டின்னு சொல்லிட்டுப் போ. இந்த ரோட்டுல ஒவ்வொரு யார்டும் உனக்கு வேலை குடுக்கும். இல்லன்னா நாளையிலேருந்து ஒரு கேட்டும் தொறக்காது. நான் சொன்னா செய்வாங்கன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். அவர் யார்டுக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர். ஆர்த்திக்கு இன்னும் ஒன்றரை வருஷம் படிப்பு இருந்தது. 'நல்ல வண்டி' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. அந்த ஒரு நொடியில் அவளுக்குப் பயம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிதாகக் கோபம் இருந்தது. விற்கிறவன், வாங்குகிறவன் இருவரும் சேர்ந்து, செட்டிகுளத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்தியை ஏமாற்றுவதற்குத் தன் வாயைக் கடன் கேட்கிறார்கள் என்ற கோபம்.

அடித்துக்கொண்டிருந்த போனை அவன் கையிலிருந்து வாங்கி எடுத்தாள்.

"அம்மா, கொளஞ்சி பேசுறேன்."

"சொல்லு கொளஞ்சி. வண்டி எப்புடி இருக்குது?"

"வெள்ளத்துல மூழ்கி எழுந்த வண்டிம்மா. உள்ள சேறு இருக்குது. நல்ல வண்டின்னு நான் சொல்ல மாட்டேன்."

"ஓடுமா ஓடாதா?"

"இன்னிக்கு ஓடுதும்மா. சத்தமும் நல்லாத்தான் இருக்குது. நாளைக்கு ஓடுமான்னு எனக்குத் தெரியாது. தெரியாதத தெரியும்னு சொல்ல எனக்கு வராது."

"சரி. அவன்கிட்ட போன குடு."

கொடுத்தாள். காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள். ராசாங்கம் கேட்டைக் காட்டினார். அவளோ அவர் காட்டுவதற்கு முன்பே நடக்க ஆரம்பித்திருந்தாள். "இதோட சரி" என்று அவர் பின்னாலிருந்து சொன்னது கேட்டது. அவள் திரும்பி நின்றாள்.

"கேட்டு உங்களுதுண்ணே. சாத்திக்குங்க. ரோடு கவர்மெண்ட்டு ரோடு."

சொன்னபடியே செய்தார். திங்கட்கிழமை ஒரு யார்டில் வாட்ச்மேன் தலையைச் சொறிந்துகொண்டு, "முதலாளி வேணாம்னுட்டாருங்க" என்றான். அடுத்த யார்டிலும் அதுதான். மூன்றாவது யார்டில் சொல்லக்கூட இல்லை, கேட் பூட்டியிருந்தது. அவள் சாலையோரப் புளியமரத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்தாள். வாங்குகிறவர்கள் வண்டியைச் சாலைக்கு ஓட்டிக்கொண்டு வந்தால் இங்கேயே பார்க்கிறேன் என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னாள். அவர்கள் யார்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, நாளைக்கு வரேங்க என்று நழுவினார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் ஒன்பது மணிக்கு வந்து மாலை ஐந்து வரைக்கும் உட்கார்ந்தாள். வெயிலில் முகம் கறுத்தது. ராசாங்கம் காரில் போகும்போதெல்லாம் அவள் அங்கே இருப்பதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே உட்கார்ந்தாள் என்றும் சொல்லலாம்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். பிச்சைமுத்து கட்டிவிட்ட கதையைத்தான் தாங்க முடியவில்லை. எதிர் யார்டுக்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே வியாபாரத்தைக் கெடுத்தாள் என்றான். பழத்தில் ஏதோ மருந்து தடவி வைத்திருந்தாள் என்றான். அதைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து பாத்திரங்களை அவள் கழுவிய வேகத்தில் ஒரு டம்ளர் நசுங்கியது.

"ஒரு தடவ போயி ராசாங்கத்துகிட்ட சமாதானமா பேசிட்டு வந்துடேன்" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"என்னான்னு பேசுறது? சேறு பொங்குச்சுன்னா?"

மறுநாள் காலையில் மோர்ப் பாட்டிலை அவரே நிரப்பி ஸ்கூட்டியில் வைத்தார்.

ஆறு வாரம் போனது. வந்த வேலை ஒரே ஒரு பழைய ஸ்கூட்டர்.

ஏழாவது வாரம் ஒரு மத்தியானம், புளியமரத்தடியில் ஒரு பைக் வந்து நின்றது. கலைச்செல்வன். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. வணக்கம்கூடச் சொல்லாமல் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். வீடியோ. எங்கோ நான்கு வழிச் சாலையில் அந்த மஞ்சள் கார் பறந்துகொண்டிருந்தது.

"கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் வாங்கிட்டாரு. பாருங்க. ஓடுதுக்கா! சும்மா பிச்சுக்கிட்டு ஓடுது!"

அவள் வீடியோவை முழுதாகப் பார்த்தாள். அழகாகத்தான் ஓடியது.

"ஓடட்டும் தம்பி. நான் ஓடாதுன்னு எப்பச் சொன்னேன்? தண்ணியில நின்னுச்சுன்னு சொன்னேன். அது இன்னிக்கும் நெசந்தான். கோயமுத்தூர் வரைக்கும் ஓடுனாலும் நெசம், டெல்லி வரைக்கும் ஓடுனாலும் நெசம்."

"அது என்னோடதா இருக்க வேண்டியது."

"ஆமாம். உங்கம்மா நிலமும் போயிருக்க வேண்டியது. என் மேல கோவமா இருக்கியா, இருந்துக்க. அதுக்காக நான் மன்னிப்பு கேப்பேன்னு வந்திருந்தா, வெயில்ல வீணா வந்திருக்க."

அவன் போனைப் பையில் வைத்தான். போகவில்லை. பைக்கின் சாவியைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தான். ஒரு லாரி கடந்து போனது, தூசி இருவர் மேலும் படிந்தது.

"என்னா? இன்னும் எதும் திட்டணுமா?"

"செந்துறையில ஒரு டிராக்டர் பாக்கணும்க்கா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "யார்டுல இல்ல. வூட்டுலயே நிக்குது. எங்க மாமனார் டிராக்டரு. விக்கிறாரு, நான் வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்."

கொளஞ்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கம்மா அனுப்புச்சா?"

"இல்ல. அதுக்குத் தெரியாது."

"ஏன்டா, மாமனார் வண்டியில நான் குத்தம் கண்டுபிடிச்சு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். உனக்கு வூட்டுல சோறு கெடைக்காது. தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"பிச்சைமுத்துவக் கூட்டிட்டுப் போயேன். வாய்க்கு ருசியா பேசுவான். எவ்வளவோ பேரு இருக்காங்க."

கலைச்செல்வன் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அவுங்கள்ல யாரக் கூட்டிட்டுப் போனாலும், நான் என்னா கேக்க ஆசப்படுறேனோ அதத்தானக்கா சொல்லுவாங்க."